இரண்டு மொட்டைகளும் ஒரு பாட்டில் மருந்தும்

எங்கள் வார்டில் ஒரு விதி உண்டு. மருந்தைக் கையில் எடுத்துவிட்டால், எதிரே படுத்திருப்பவர் மாதக்கணக்காகத் தெரிந்தவராக இருந்தாலும் இரண்டு அடையாளம் கேட்க வேண்டும். பெயர் என்ன? பிறந்த நாள் என்ன? இரண்டும் பொருந்தினால்தான் மூடியைத் திறக்கலாம். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துப்போயிருக்கிறது. கேட்க மறந்த புது நர்ஸுகளை நான் சும்மா விட்டதில்லை. என்னைக் கண்டால் பாதிப் பேர் பக்கத்து வார்டுக்கு நழுவிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட நான், கோலாலம்பூரிலிருந்து லண்டன் போகும் விமானத்தில், கையில் வலிப்பு மருந்து பாட்டிலை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த இரண்டு மொட்டைத் தலைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் நான் பெற்றவை. பிறந்த நாள் இரண்டுக்கும் ஒன்று. பெயரைக் கேட்டால் இரண்டும் "கிஷன்" என்றன.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எனக்கே அது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

நானும் என் கணவர் யுகேந்திரனும் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனபோது கிஷனும் ரூபனும் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு வீடு அமைந்து, ஷிப்ட் ஒழுங்கானதும் ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, மலேசியாவில், காப்பாரில் இருக்கும் என் அக்கா புஷ்பவல்லியிடம் விட்டுவிட்டுப் போனோம். அந்த ஆறு மாதம் இழுத்துக்கொண்டே போய் ஒன்றரை வருடத்தைத் தாண்டிவிட்டது. தினமும் வீடியோ கால் உண்டு. அக்கா இருவரையும் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, போன் முன்னால் உட்கார வைப்பாள். கிஷனுக்கு நீலச் சட்டை, ரூபனுக்கு மஞ்சள் சட்டை. என்றைக்கும் அதே நிறம்தான். "கிஷன் குட்டி, ரூபன் குட்டி" என்று நான் ஒரு நாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. தாய்க்குத் தெரியாதா என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நான் கூப்பிட்டது சட்டையைத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

இடையில் கிஷனுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இரண்டு தடவை வலிப்பு வந்தது. கிள்ளானில் ஒரு டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, தவறவே கூடாது. அக்கா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. குடித்து முடித்ததும் வாய் கசக்காமலிருக்க ஒரு ஸ்பூன் தேன் கொடுப்பாள். பிள்ளைக்குச் சுகமாகிவிட்டால் மொட்டை போடுகிறேன் என்று பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, கிஷனின் முடியை வெட்டாமல் வளர்த்தாள். ரூபனுக்கு ஒட்ட வெட்டிய கிராப். ஆக, நான் பிள்ளைகளை அழைத்துப்போக லீவில் வந்து இறங்கியபோது எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. குடுமி கிஷன், கிராப் ரூபன்.

கிளம்புவதற்கு முதல் நாள் பத்துமலைக்குப் போனோம். ஒருவனுக்கு மட்டும் மொட்டை போட்டால் மற்றவன் ஏங்கிப்போவான் என்று அக்கா இருவரையும் உட்கார வைத்துவிட்டாள். சந்தனம் பூசிய இரண்டு தலைகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி என்னைப் பார்த்தன. அப்போதுதான் முதல் தடவையாக என் கண் அந்தக் குடுமியைத் தேடியது.

அக்கா அதற்கும் வழி செய்திருந்தாள். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தி இரண்டு வெள்ளி அரைஞாண் கொடி வாங்கினாள். கிஷனின் கொடியில் ஒரு தாயத்து. ரூபனுடையது வெறும் கொடி. அதோடு விட்டாளா என்றால் இல்லை. காலையில் நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது கையில் நகப்பூச்சு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"குமுதா, கிஷனுக்கு கால் கட்டவெரல்ல கொஞ்சம் கியூடெக்ஸ் வச்சு விடவா? பிளேன்ல ஆளு மாறிடப் போவுது லா."

"பெத்தவளுக்கு எதுக்குக்கா அடையாளம்? நீ என்ன, எனக்கு எக்சாம் வைக்கிறியா?"

அக்கா மூடியைத் திருகினாள். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, மருந்தை ஐஸ்கட்டிப் பையில் சுற்றப் போய்விட்டாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. அந்த இரண்டு வார லீவில் பிள்ளைகள் நான் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள், நான் வாங்கிய பொம்மையை உடைத்தார்கள். தூக்கம் வந்தால் மட்டும் "பெரிம்மா" என்று அவள் பக்கம் உருண்டுவிடுவார்கள். என்னை அவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

விமான நிலையத்தில் அக்காவை விட்டுப் பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதற்குள் மூன்று பேரும் அழ, நான் மட்டும் அழாமல் நின்றேன். யாராவது ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டுமே! இமிகிரேஷன் அதிகாரி படத்தில் முடியோடு இருந்த இருவரையும் பார்த்தார், கவுண்டரில் மொட்டையாக நின்ற இருவரையும் பார்த்தார்.

"யாங் மானா சத்து?" என்று சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார். எவன் எது என்று கேட்கிறார்.

நான் கண நேரமும் யோசிக்காமல் நீலச் சட்டையைக் காட்டி "கிஷன்" என்றேன். அவர் முத்திரை குத்தினார். அக்கா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் முதல் அடி விழுந்தது. இரண்டு பேருடைய இடுப்பும் பீப் பீப் என்று கத்தியது. ஒரு பெண் அதிகாரி சட்டையைத் தூக்கிப் பார்த்து, கொடியைக் கழற்றச் சொன்னார். பிள்ளைகள் ஊரைக் கூட்டினார்கள். பெரியம்மா கட்டியதை யாரோ பிடுங்குகிறார்கள் என்ற கோபம். இரண்டு கொடியையும் கழற்றித் தட்டில் போட்டு, மறுபக்கம் எடுத்தபோது எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துகொண்டிருந்தது. கட்டிவிட நேரமேது? கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இடுக்கிக்கொண்டு ஓடினேன். நீலச் சட்டை இருக்கிறதே என்ற தைரியம்.

நீண்ட விமானப் பயணத்தைப் பற்றி என் தோழிகள் எனக்கு நிறையச் சொல்லியிருந்தார்கள். ஏறும்போது காது அடைக்கும், எதையாவது சப்பக் கொடு என்றார்கள். கொடுத்தேன், துப்பினார்கள். கார்ட்டூன் போட்டுவிடு என்றார்கள். போட்டேன். திரையை விட்டுவிட்டு, பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானை அழுத்துவதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. பாவம், அந்தப் பெண் வரும்போதெல்லாம் இரண்டு மொட்டைகளும் கைதட்டின. முன் சீட்டுக்காரர் முதுகில் உதை வாங்கித் திரும்பித் திரும்பி முறைத்தார். மூன்றாவது தடவை நானும் முறைத்தேன். அதோடு திரும்புவதை நிறுத்திவிட்டார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் சௌதா ஆன்டி உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர், மகளின் பிரசவத்துக்காக மான்செஸ்டர் போகிறார். இருப்புக் கொள்ளாத மனுஷி. விமானம் மேலே ஏறுவதற்குள் என் ஊர், வேலை, மாப்பிள்ளை சம்பளம் வரைக்கும் கேட்டு முடித்துவிட்டார்.

"ரெட்டையா? மாஷா அல்லா! எப்படிமா அடையாளம் கண்டுபுடிக்கிற?"

"பெத்தவளுக்குத் தெரியாதா ஆன்டி?" என்றேன். அன்றைக்கு அந்த வசனம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆரஞ்சு ஜூசும் நூடுல்சும் சேர்ந்து மஞ்சள் சட்டைக்காரன் வயிற்றில் ஏதோ முடிவெடுத்து, நீலச் சட்டைக்காரன் மேல் வந்து விழுந்தன. என் மேல், சீட்டின் மேல், முன் சீட்டுக்காரரின் செருப்பு வரைக்கும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சௌதா ஆன்டிதான் எழுந்து மஞ்சளைத் தூக்கிக்கொண்டு ஒரு கழிவறைக்குப் போனார். நான் நீலத்தைத் தூக்கிக்கொண்டு மற்றொன்றுக்குப் போனேன். சட்டையை உரித்து, தலை முதல் கால் வரை துடைத்து, போர்வையில் சுற்றி எடுத்து வந்தேன். அதுவரை என் கையில் இருந்தது கிஷன். சத்தியமாகக் கிஷன்.

"ஆன்டி, இவனையும் ஒரு நிமிஷம் புடிங்க. சீட்ட தொடச்சிட்டு வந்துர்றேன்."

பணிப்பெண்ணும் நானும் சேர்ந்து சீட்டைத் துடைத்து, நாறும் துணிகளை ஒரே பையில் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். ஆன்டியின் சீட்டில் ஒரே நிறப் போர்வையில் இரண்டு மொட்டைகள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. இருவருக்கும் முகத்தில் பவுடர்.

"ஆன்டி, நான் குடுத்தது எது?"

"நீ குடுத்ததா? இப்படியே உக்காந்தா இருந்துச்சுங்க? ரெண்டும் எறங்கி அந்தப் பக்கம் ஓடிருச்சுங்க லா. நாந்தான் புடிச்சி இழுத்துட்டு வந்து உக்கார வச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றேன். மாற்று உடுப்பை எடுத்தேன். இரண்டு வெள்ளை டீசர்ட். லண்டனில் அப்பா வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தால் அழகாக இருக்கும் என்று கிள்ளானில் தேடித் தேடி வாங்கியவை.

மருந்து நேரம் மலேசிய நேரப்படி மாலை. வெளியே இன்னும் நல்ல வெயில், எந்த ஊரின் வெயிலோ தெரியவில்லை. நான் பாட்டிலை எடுத்ததும் இரண்டு பேருக்கும் கண் விரிந்தது.

"கிஷன் யாரு?"

"கிஷன்!" என்றான் ஒருவன், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு.

"கிஷன்!" என்றான் மற்றவன், இன்னும் சத்தமாக.

"அப்ப ரூபன் யாரு?"

அவனைத் தேடுகிற மாதிரி இரண்டு பேரும் நடைபாதையைப் பார்த்தார்கள்.

கைப்பையிலிருந்து தாயத்துக் கொடியை எடுத்து நீட்டினேன். உரியவன் உரிமையோடு பிடுங்குவான் என்று ஒரு கணக்கு. இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள், கொடி அறுந்துவிடும் போலிருந்தது. காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில் மச்சம் தேடினேன். இருந்த மச்சம் இருவருக்கும் ஒரே இடத்தில் இருந்தது. எனக்கு இவர்கள் மேலேயே கோபம் வந்தது. ஒருவனாவது கொஞ்சம் வேறு மாதிரி பிறந்திருக்கக் கூடாதா? யுகேந்திரனுக்கு மெசேஜ் அனுப்பலாம் என்றால், அவரைக் கேட்பதும் முன் சீட்டுக்காரரைக் கேட்பதும் ஒன்றுதான்.

இருவருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? ரூபனுக்கு ஒரு வேளையில் பெரிதாக ஒன்றும் ஆகாது, தூங்குவான் என்று மனது சொன்னது. ஆளுக்குப் பாதி? அது கிஷனுக்குப் போதாது. இருவருக்கும் கொடுக்காமல் விட்டால்? கடலுக்கு மேலே, இத்தனை உயரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தால்? ஒரு புது நர்ஸ் இந்தக் கணக்கையெல்லாம் என் முன்னால் போட்டிருந்தால் அவளை நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன்.  பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன்.

சௌதா ஆன்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்: "வளத்தவங்கள ஒரு வார்த்த கேளேம்மா. இதுல வெட்கப்பட என்ன இருக்கு? மெசேஜ் போவுது. நான் இப்பத்தான் என் மகளுக்குப் போட்டேன். படம்தான் போவ மாட்டேங்குது."

வெட்கப்பட என்ன இருக்கிறதா? எல்லாமே இருந்தது. காலையில்தான் அக்காவின் முகத்துக்கு நேரே அந்த வசனத்தைப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். எழுதினேன், அழித்தேன். நெட்வொர்க் சரியில்லை என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். ஒருவன் கொட்டாவி விட்டான். வலிப்புக்கு முன்னால் கிஷன் இப்படித்தான் கொட்டாவி விடுவான் என்று அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. உடனே மற்றவனும் கொட்டாவி விட்டான். நான் அனுப்பிவிட்டேன்.

"அக்கா, சட்டை ரெண்டும் மாத்திட்டேன். கொடி பைல இருக்கு. கிஷன் எதுன்னு தெரியல."

பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. 'பெத்தவளுக்கு எதுக்கு அடையாளம்?' என்று திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதில் வந்தது.

"மருந்து பாட்டில மொதல்ல மறைச்சு வை. அத பாத்தா தேனுக்காக ரெண்டும் கிஷன்னுதான் சொல்லும். அப்புறம் அம்மா எங்கன்னு கேளு. போன எடுக்கிறவன் கிஷன். வாசல பாக்கிறவன் ரூபன்."

நான் அதை மறுபடி மறுபடி படித்தேன். மெதுவாகத்தான் உறைத்தது. இந்த ஒன்றரை வருடமும் அக்கா அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அவர்களுக்கு நான் மறந்துபோய்விடக் கூடாதென்று. கிஷனுக்கு அம்மா போனுக்குள் இருப்பவள். ரூபனுக்கு, வருவாள் வருவாள் என்று சொல்லிச் சொல்லி, வாசல் வழியாக வரப்போகிறவள். காப்பார் வீட்டில் இரண்டு வாரம் நான் கூடவே இருந்தேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. நான்தான் அங்கே இருந்தேனே, எதற்குக் கேட்க வேண்டும்?

பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். போனை முன் சீட்டுப் பைக்குள் செருகினேன். இருவரையும் என்னைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தேன்.  செருமிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டேன்.

"அம்மா எங்க?"

ஜன்னல் பக்கம் இருந்தவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. குனிந்து, முன் சீட்டுப் பைக்குள் கையை விட்டு, என் போனை எடுத்து என்னிடமே நீட்டினான். இருட்டாக இருந்த திரையை விரலால் தட்டினான். "அம்மா" என்றான். திறந்து காட்டு என்கிறான்.

மற்றவன் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டான். வரிசையாகத் தெரிந்த தலைகளைத் தாண்டி, தூரத்தில் பணிப்பெண்கள் வந்து போகும் திரைச்சீலையைப் பார்த்தான். அங்கே யாரோ வரப்போகிற மாதிரி கண் கொட்டாமல் பார்த்தான்.

இருவரில் ஒருவன்கூட என் பக்கம் கை காட்டவில்லை. நான் ஒரு முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் கேட்கவில்லை, பிறந்த நாள் கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டு அடையாளமும் பொருந்திவிட்டன. விதிப்படி மூடியைத் திறந்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, போனைப் பிடித்திருந்தவனின் வாயில் மருந்தை ஊற்றினேன். சமர்த்தாகக் குடித்தான். அக்கா ஒரு சின்ன டப்பாவில் தேன் வைத்திருந்தாள். இருவருக்கும் கொடுத்தேன். தாயத்துக் கொடியைக் கிஷனுக்குக் கட்டினேன், வெறும் கொடியை ரூபனுக்கு. அதற்குள் கண்ணீர் மறைத்து முடிச்சுச் சரியாக விழவில்லை. சௌதா ஆன்டி கையை நீட்டி முடிச்சை இறுக்கிவிட்டார்.

கிஷனிடமிருந்து போனை ஒரு நிமிஷம் வாங்கி, "கண்டுபுடிச்சிட்டேன்க்கா" என்று அனுப்பினேன்.

"சரி. மருந்து குடுத்துட்டியா?" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் கேட்டாள்.

கிஷன் போனை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கிப்போனான். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ரூபன் மட்டும் உட்கார மறுத்தான். சீட்டின் மேல் நின்றபடியே திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பைப் பிடித்து மெல்ல என் பக்கம் திருப்பினேன்.

"ரூபா, அம்மா வந்துட்டேன்டா."

முகத்தை உற்றுப் பார்த்தான். அழவில்லை, கோபப்படவுமில்லை. பிறகு என் தோளுக்கு மேலாக எட்டி, மறுபடி அந்தத் திரைச்சீலையைத் தேடினான்.

அவனுக்கு மறைக்கக் கூடாதென்று என் தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.